மலை ரயில் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

சேலம் சூரமங்கலத்துக்காரர்களுக்கு மலை என்றால் ஏற்காடு. மொட்டை மாடிக்குப் போனால் சேர்வராயன் மலை கண்ணெதிரே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்த பிறகு மனசு வந்தால்கூடப் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி ஏறி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம். அதனாலேயே மலைப் பயணத்துக்கு முன்கூட்டித் திட்டம் போடும் பழக்கம் நமக்கு வரவில்லை. ஊட்டிக்கு, அதுவும் ரயிலிலேயே போய்வர ஆசைப்படும்போது இது காலை வாரிவிடுகிறது.

எதிர்வீட்டுத் தம்பி வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். சாயங்காலம் டீ குடிக்க வந்தபோது கேட்டார்: “அக்கா, பொங்கல் கூட்டமெல்லாம் ஓயட்டும்னு பாக்கறேன். அம்மாவையும் வூட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு ஊட்டிக்கு ரயில்லயே போயிட்டு வந்தரலாம்னு ஆசை. பட்டறையில மூணு நாளுக்கு மேல லீவு கெடைக்காது. ஆஃப் சீசன்தானே, டிக்கெட் சுளுவாக் கெடைச்சிருமில்லீங்க?”

சுளுவாகக் கிடைக்காது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. இரண்டாவது டம்ளர் டீ ஆறும் வரை அவருக்குச் சொன்னதை, அவரைப் போலவே கிளம்ப நினைக்கிற மற்றவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆஃப் சீசன் லாட்ஜுக்கு உண்டு, டாக்சிக்கு உண்டு, படகு இல்லத்து வரிசைக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் ரயிலுக்கு அது கிடையாது. காலை ஏழு மணியைத் தாண்டிப் புறப்படும் அந்த வண்டி நாளுக்கு ஒன்றுதான். கோடையிலும் விடுமுறைக் கூட்டத்தின்போதும் சில நாட்கள் சிறப்பு ரயில் விடுவார்கள். மற்ற நாட்களில் இதை விட்டால் வேறு இல்லை. பெட்டிகளும் நான்கைந்துக்கு மேல் போகாது. ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்று ஏறுகிற பாதையில் ஒரு நீராவி எஞ்சின் அதற்கு மேல் தள்ள முடியாது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இதை அறிவித்த பிறகு, உலகத்தின் எந்த மூலையிலிருந்து தென்னிந்தியா வருகிறவரும் இந்த ஒரு வண்டியைத்தான் தேடுகிறார். அவருக்கு நம்முடைய பள்ளி விடுமுறை பற்றி என்ன கவலை? பிப்ரவரி செவ்வாய்க்கிழமை லாட்ஜில் பாதி அறை காலியாக இருக்கும். அன்றைய மலை ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகையால் வழக்கமான வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் முதலில் லீவு சொல்கிறோம், பிறகு அறை பிடிக்கிறோம், சேலத்திலிருந்து போகிற ரயிலைப் பார்க்கிறோம், கடைசியில் மலை ரயில் கிடைக்குமா என்று தேடுகிறோம். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவதுதான் சரி. மலை ரயிலில் இடம் கிடைக்கும் நாள் எதுவோ, அதுதான் உங்கள் பயண நாள். அதற்கேற்ற இரவு ரயில், அதற்கேற்ற அறை, கடைசியாக லீவு.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். இணையத்தில் எடுப்பதானால் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரைச் சரிபார்க்கும் வேலையை அதற்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்தால் இடம் போய்விடும். ஊட்டி ரயில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம், கோடு யு.ஏ.எம். குன்னூருக்கு ஓ.என்.ஆர். மேட்டுப்பாளையம் எம்.டி.பி. குன்னூர் வரை இடமில்லை என்று காட்டினால் உதகமண்டலம் வரை தேடிப் பாருங்கள். ஊட்டி வரை டிக்கெட் எடுத்துக் குன்னூரிலேயே இறங்கிக்கொள்வதில் தவறில்லை. நான் குன்னூரில் இறங்கத்தான் சொல்வேன். ஏன் என்று பிறகு வருகிறேன்.

சேலம் ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையம் போக நீலகிரி எக்ஸ்பிரஸைப் போல் ஒத்துவரும் வண்டி வேறில்லை. சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, சூரமங்கலத்தில் நம் வீட்டு நாய்கள்கூட அடங்கிவிட்ட நேரத்தில், ஒன்றரை மணியை ஒட்டி சேலம் வரும். ஈரோடு, திருப்பூர், கோவை தாண்டி விடிகிற நேரத்தில் மேட்டுப்பாளையம். இறங்கி, முகம் கழுவி, காபி குடிக்கும் அளவுக்கு நேரம் விட்டு மலை ரயில் கிளம்புகிறது. இந்த வண்டி வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் அதன் நேரம் அமைந்திருக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நள்ளிரவைத் தாண்டி வருகிற ரயில் என்பதால் சேலத்துக்காரர்களுக்குத் தேதி குழம்பும். திங்கள்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏறுகிறவருக்கு அது திங்கள்கிழமை ரயில். நாம் ஏறும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதால் செவ்வாய்க்கிழமை. டிக்கெட்டில் ஏறும் நிலையத்தின் தேதிதான் கணக்கு. ஆகவே செவ்வாய்க்கிழமை என்று போட வேண்டும். திங்கள் என்று போட்டுவிட்டு, திங்கள் ராத்திரி பையோடு பிளாட்பாரத்துக்குப் போனால், நம்முடைய ரயில் முந்தின நாள் ராத்திரியே போயிருக்கும். திரும்பும்போது இந்தக் குழப்பம் இல்லை. மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் ஏறுகிறோம். வியாழக்கிழமை ராத்திரி என்றால் வியாழன் தேதியேதான். இதைத் தம்பிக்கு இரண்டு தடவை சொன்னேன். அவர் கைப்பேசியில் தேதியைத் தட்டிப் பார்த்து, “அப்ப மலை ரயிலுக்கும் செவ்வாய், நீலகிரிக்கும் செவ்வாய். ரெண்டுக்கும் ஒரே தேதி” என்றார். அதேதான். இரண்டு டிக்கெட்டிலும் ஒரே தேதி இருந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அவருக்கு மேல் பெர்த் விழ வாய்ப்பிருக்கிறது. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா என்று தனியாக ஒன்று உண்டு. டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது செல்லும். எனவே அம்மாவுக்குத் தனி டிக்கெட். நடு ராத்திரியில், தூங்குகிற ஆட்களுக்கு நடுவே ஏணிப்படி ஏறச் சொல்லி ஒரு வயதானவரைத் திண்டாட விடக்கூடாது.

இனி, எந்த மாதம். இந்த ஒன்றில்தான் பலரும் விவரம் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஊட்டியில் சீசன் என்பது ஏப்ரல், மே. தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பது மே மாதத்தில். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் என்று ஒன்று வரும். மற்ற மாதமெல்லாம் ஆஃப் சீசன் என்று லாட்ஜுக்காரர் சொல்வார். ஆனால் அந்த மற்ற மாதங்களெல்லாம் ஒரே மாதிரி இல்லை. நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில், கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டுகிறது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில், குன்னூர், கோத்தகிரி பக்கம் இறங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். ஒரே மாவட்டம்தான். மாதம் மாறினால் மழை விழும் பக்கமும் மாறிவிடுகிறது.

நம்முடைய ரயில் பாதை எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சரிவு வங்காள விரிகுடாக் காற்றைப் பார்த்த பக்கம். மண்ணும் பாறையுமாக இருக்கிற மலையின் இடுப்பை வெட்டித்தான் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் மேலே இருக்கிற மண் ஊறிக் கனம் கூடி, வெட்டுப்பட்ட இடத்தில் சரிந்து விழும். மரம் சாயும், பாறை உருளும். அந்த 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் பாதையும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. அவ்வளவு பெரிய மழை இல்லாத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகையில் “மலை ரயில் ரத்து” என்ற செய்தியைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கலாம். ஆகவே நவம்பரில் லாட்ஜ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ரயிலில் போவதுதான் ஆசை என்றால் அந்த மாதம் வேண்டாம்.

அந்த ரத்து அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்று தம்பியிடம் கேட்டேன். ஊட்டி என்றார், பிறகு சென்னை என்றார். சூரமங்கலத்திலிருந்துதான். 2007இல் சேலம் ரயில்வே கோட்டம் பிறந்தபோது, அதுவரை பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்த மலை ரயில் பாதையும் இங்கே வந்து சேர்ந்தது. கோட்ட மேலாளர் அலுவலகம் நம்ம சூரமங்கலத்தில். நாம் காய்கறி வாங்கப் போகிற உழவர் சந்தையும், அந்த மலை ரயில் நாளைக்கு ஓடுமா ஓடாதா என்று முடிவெடுக்கிற அலுவலகமும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. எனக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஊட்டி ரயில் நம்ம ரயில் என்று சூரமங்கலத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் சொல்லும் மாதம், தைப்பூசக் கூட்டமும் குடியரசு தின விடுமுறையும் கழிந்த பிறகு, பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை. மழை ஓய்ந்து பாதை உலர்ந்திருக்கும். பொதுத் தேர்வு நெருங்குவதால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கிளம்ப மாட்டார்கள். கிளம்புகிற நமக்கு வாரநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த மாதங்கள் ஒத்துவராதவர்களுக்கு ஆகஸ்ட். மேற்கே கொட்டுகிற மழை குன்னூர் வருவதற்குள் பெரும்பாலும் தூறலாகிவிடும். சுதந்திர தின வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும். இவை இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஒரு காலத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் ஏன் கூடாது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மலை தாங்காது என்று நீதிமன்றமே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை.

இப்போது அந்தப் பாதை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். சாலையில் பஸ் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிற உயரத்துக்கு இது ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது.

மேட்டுப்பாளையத்தில் வண்டி கிளம்புவதற்கு முன் பிளாட்பாரத்தின் பின்கோடிக்குப் போய்ப் பாருங்கள். எஞ்சின் அங்கேதான் இருக்கும். இழுப்பதற்குப் பதிலாக அது பின்னால் நின்று தள்ளுகிறது. ஏற்றத்தில் ஏதாவது இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாய்ந்து நிற்கும், கீழே ஓடிவிடாது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். முதல் பெட்டிக்காரர்தான் முன்னால் பாதையைப் பார்த்து, பின்னால் இருக்கும் டிரைவருக்குக் கொடி காட்டுகிறவர். இவ்வளவு நீளத்துக்கு ஒருவர் கண்ணும் இன்னொருவர் கையும் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டுவதை வேறெங்கும் பார்ப்பது அரிது.

முதல் எட்டு கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண ரயில் போலவே போகும். கல்லாறு வந்ததும் வேகம் தணியும். அங்கே ஜன்னல் வழியே கீழே பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு, ஒன்றை ஒட்டி ஒன்று, தொடங்குவது தெரியும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் ஆப்ட் என்ற பொறியாளர். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரங்கள் இந்தப் பட்டைகளைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. இரண்டு பட்டைகளின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. தென்னை ஏறுகிறவர் ஒரு கையை விடும்போது மறு கை மரத்தைப் பிடித்திருப்பது போல, ஒரு பல் விடும் நேரத்தில் மற்றொன்று கவ்வியிருக்கும். பிடி விடுகிற கணம் என்று ஒன்று வராது. எஞ்சினில் சிலிண்டர் நான்கு: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல் சக்கரங்களுக்கு. பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே அதே மாதிரியைப் புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்த தொழிலாளர்களைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

கல்லாறு தாண்டினால் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு. வழியில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். ஹில்குரோவில் இறங்கி நாமும் டீ குடிக்கலாம். பெட்டிக்குள் கழிப்பறையை எதிர்பார்த்து ஏறாதீர்கள். அம்மாவை மேட்டுப்பாளையத்திலேயே போய்வரச் சொல்லிவிடுங்கள், அடுத்தது ஹில்குரோவில்தான். குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வேண்டாம். அது யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு. பாக்கெட்டை வெளியே வீசினால் அது யார் வயிற்றில் போய்ச் சேரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வீட்டு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள்.

பல் சக்கரப் பாதை குன்னூரோடு முடிகிறது. நீராவி எஞ்சினும் அங்கே கழன்றுகொள்ள, அதற்கு மேல் ஊட்டி வரை டீசல். அதனால்தான் குன்னூரில் இறங்கச் சொன்னேன். பார்க்க வேண்டிய பாதையைப் பார்த்து முடித்துவிட்டீர்கள், மணி பத்தரைதான் ஆகியிருக்கும். அறையை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்ந்த இடம், குளிரும் ஒரு படி குறைவு, வயதானவர்களுக்குத் தாங்கும். 1874இல் உருவான சிம்ஸ் பூங்காவில் அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஒரு சுற்று சுற்றி வரலாம். கடையில் வர்க்கி வாங்கி டீயில் நனைத்துத் தின்னுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் பறிக்கும் தேயிலைக்கு நீலகிரியில் தனி மதிப்பு. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. பால் ஊற்றாமல் ஒரு தடவையாவது குடித்துப் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் ரயில். பகலில் சில நடைகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் வண்டியோடு ஒப்பிட்டால் இதில் இடம் கிடைப்பது எளிது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன நிலையங்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்குவது இந்த ரயிலிலிருந்துதான் நன்றாகத் தெரியும். ஊட்டியில் 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஒன்று போதும். எல்லா இடத்தையும் பார்த்துத் தீர்க்க டாக்சி பிடித்து ஓடினால், ஆஃப் சீசனில் வந்ததே வீண். மாலை ரயிலிலேயே குன்னூர் திரும்பிவிடுங்கள்.

“ஸ்வெட்டர் ஒண்ணு போதுமில்லீங்க்கா? ஏற்காட்டுக்கு அதத்தானே போடறோம்” என்றார் தம்பி. போதாது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வரை வெப்பம் குறையும். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி பன்னிரண்டு டிகிரி குளிர்ந்திருக்கும் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி தொடக்கத்தில் இதற்கு மேலும் ஒன்று சேரும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை விரைவாக இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தங்கும். தலைகுந்தா, பழைய குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி படிவது இதனால்தான். ஆகையால் ஊட்டியிலோ குன்னூரிலோ பள்ளத்தில் இருக்கும் அறையைவிடச் சரிவில் மேலே இருக்கும் அறை கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். அறை பிடிக்கும்போது வெந்நீர் எத்தனை மணிக்கு என்று கேட்கிற நாம், இதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். காதை மூடும் குல்லாவும் காலுறையும் அம்மாவுக்கு இரண்டு செட்.

என் திட்டத்தில் ஏறுவதற்கு மலை ரயில், இறங்குவதற்குப் பஸ். அப்படி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலை ரயில் ரத்தானால் ஏறும்போது பெரிய நஷ்டமில்லை. மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரை மணிக்கு நிற்கிறீர்கள். பஸ் நிலையம் பக்கத்தில். குன்னூருக்கு அடுத்தடுத்து பஸ். மேலே போய் டீசல் ரயிலிலாவது ஏறலாம். இறங்கும்போது ரத்தானால் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற பதற்றம் சேர்ந்துவிடும். ஊட்டியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பும் மலை ரயில் மாலை ஐந்தரை மணி வாக்கில்தான் கீழே வரும். தவிர, எஞ்சின் மூச்சு வாங்கித் தள்ளுவதைக் கேட்க வேண்டுமானால் ஏறும்போதுதான் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் இடம் கிடைத்தால் போங்கள், யார் வேண்டாம் என்றார்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஏற்றம்.

ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குத் தானாகவே கணக்கில் ஏறும். கவுண்டரில் எடுத்தது என்றால் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் மலை ரயில் டிக்கெட்டையும் ஐஆர்சிடிசியில் தொடர் பயணமாக இணைக்க வழி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணத்தைக் கேட்க அது உதவும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸில் இறங்கி, மேட்டுப்பாளையம் நிலையத்தில் இருக்கும் சின்ன ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்க நேரம் இருந்தால் பார்த்துவிட்டு, ராத்திரி வண்டியில் ஏறிப் படுக்கலாம். சேலம் வருவது நள்ளிரவு தாண்டி. மலைக் காற்றில் அலைந்த உடம்பு அசந்து தூங்கி, கண் திறக்கும்போது ஜோலார்பேட்டையில் இருக்கக்கூடும். 139க்கு அழைத்து இறங்கும் நிலையத்துக்கான எழுப்புதல் அழைப்பைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஈரோட்டுக்கு ஒரு அலாரமும் வையுங்கள்.

தம்பி கிளம்பும்போது, முதலாளியிடம் நாளைக்கே லீவு சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், டிக்கெட் கையில் வரட்டும் என்றேன். நினைத்த செவ்வாய்க்கிழமை மலை ரயிலில் இடமில்லை என்றால் அடுத்த செவ்வாயைப் பார்க்க வேண்டியிருக்கும். முன்பதிவு திறக்கிற நாளன்று காலை ஏழே முக்காலுக்கு வந்துவிடுங்கள், இங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடலாம், அம்மாவின் ஆதாரையும் கொண்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்தேன்.